ஹெட்டி பெல்லர்பி வரைந்த காளை

ஸ்கெல்பெக் ஊரில் பெல்லர்பி கடையில் இறைச்சி வாங்கிப் போனவர்களுக்குப் பொட்டலத்தைப் பிரிக்கும்போது ஒரு படமும் கிடைக்கும். கதவுநிலையில் முதுகைத் தேய்த்துக்கொண்டு நிற்கும் பன்றி, கடை வாசலில் எச்சில் ஒழுக உட்கார்ந்திருக்கும் பாதிரியாரின் நாய், இப்படி ஏதாவது. கசாப்புக் கடைக்காரர் ஜேபஸ் பெல்லர்பியின் ஒரே மகள் ஹெட்டி, பொட்டலம் கட்டும் தாளில் கரித்துண்டால் வரைந்துகொண்டே இருப்பாள். அப்பா அதைத் தடுக்கவும் மாட்டார், எடுத்துப் பத்திரப்படுத்தவும் மாட்டார். அதே தாளில் சாசேஜைச் சுற்றி நீட்டிவிடுவார்.

"படம் ஓசி. கறி நல்லா இல்லைன்னா திருப்பிக் கொண்டாங்க, படம் நல்லா இல்லைன்னா அவகிட்ட பேசிக்கங்க" என்பார்.

ஹெட்டி மூன்று வயதிலேயே தாயை இழந்தவள். கடையும் பின்கட்டும்தான் அவள் வளர்ந்த இடம். ஆட்டின் தோள் எங்கே சேர்கிறது, மாட்டின் விலா எங்கே முடிகிறது என்பதெல்லாம் அவளுக்கு எழுத்துக் கூட்டிப் படிக்கும் முன்பே தெரியும். பதினெட்டு வயதில் நகரத்து ஓவியப் பள்ளிக்குப் போனபோது, பெண்களுக்கென்று தனி அறை ஒதுக்கி ஒரு ஜாடி ரோஜாப்பூவை முன்னால் வைத்தார்கள். பெண்களின் கைக்குப் பூதான் பொருந்தும் என்றார் ஆசிரியர். ஹெட்டி வரைந்த ரோஜாக்கள் எல்லாம் முட்டைக்கோஸ் மாதிரியே வந்தன. பக்கத்து அறையில் ஆண்பிள்ளைகள் குதிரையின் எலும்புக்கூட்டைப் பார்த்து வரைந்துகொண்டிருந்தார்கள். ஒருநாள் அவள் கதவருகில் நின்று எட்டிப் பார்த்தாள். பொறுக்க முடியவில்லை.

"சார், அந்தப் பின்னங்கால் முட்டிச் சில்லை முன்பின்னா மாத்திக் கட்டியிருக்கீங்க."

ஆசிரியர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். பிறகு கம்பியை அவிழ்த்து, முட்டியைத் திருப்பிக் கட்டினார். நன்றி என்று ஒரு வார்த்தை வரவில்லை. ஆனால் மறுநாளிலிருந்து அந்த அறையின் கடைசி வரிசையில் ஹெட்டிக்கு ஒரு முக்காலி கிடந்தது. யார் போட்டது என்று யாரும் கேட்கவில்லை.

மூன்று வருடம் படித்துவிட்டு ஊருக்குத் திரும்பினாள். மதுக்கடைக்குப் பெயர்ப்பலகை வரைந்தாள், நாய்களை வரைந்தாள், மருத்துவரின் குதிரையை வரைந்தாள். ஊர்ப் பெரிய வீட்டுப் பெண்களையும் வரையத்தான் செய்தாள். ஆனால் இரட்டைத் தாடை இருந்தால் இரட்டைத் தாடையாகவே வரைந்ததால், ஒரு முறை வந்தவர்கள் மறுமுறை வரவில்லை.

"கொஞ்சம் பூசி மெழுகினா என்னம்மா?" என்று கேட்டார் ஜேபஸ்.

"நீங்க கொழுப்பைக் கறின்னு சொல்லி விப்பீங்களா அப்பா?"

அவர் கத்தியைத் தீட்டப் போய்விட்டார்.

அவளுக்கு இருபத்தேழு வயதானபோது, ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஏழாம் ஆண்டு ஆகஸ்டில், மலைமேல் பண்ணை வைத்திருந்த ஆமோஸ் ஆல்டர்சனின் காளை வட்டாரக் கண்காட்சியில் முதல் பரிசு வாங்கியது. குட்டைக்கொம்பு இனத்துக் காளை, செம்பட்டையும் வெள்ளையும் கலந்த நிறம், பெயர் பிரிகேடியர். பரிசு வாங்கிய மாட்டைப் படமாக வரைந்து வீட்டுக் கூடத்தில் மாட்டுவது அந்தப் பக்கத்து வழக்கம். அதற்கென்றே பிம் என்று ஒரு கிழவர் இருந்தார். அவர் வரைந்தால் எந்த மாடும் துணி அலமாரி மாதிரி இருக்கும். நாலு மூலைக்கும் நாலு தீக்குச்சிக் கால், முன்பக்கம் ஓர் ஆப்பிள் அளவுக்குத் தலை. மாட்டுக்காரர்களுக்கு அது பரம திருப்தி. அவர் போன குளிர்காலத்தில் சளி கட்டி இறந்துபோனார். வேறு வழியில்லாமல் ஆமோஸ் கசாப்புக் கடைக்கு வந்தார்.

ஆமோசுக்கு அறுபது வயது. கட்டை குட்டையான உடம்பு, வளைந்த கால்கள், தொங்கிய தாடை. சபைக்கும் சந்தைக்கும் தவிர வேறெங்கும் போகாத மனிதர். தொப்பியைக் கழற்றாமலே கேட்டார்.

"ஏம்மா ஹெட்டி, உனக்கு மாடு வரைய வருமா?"

ஜேபஸ் முந்திக்கொண்டார். "என்ன கேள்வி இது ஆமோஸ்? எம் பொண்ணு மாட்ட வெளியவும் பாத்தவ, உள்ளயும் பாத்தவ."

"அந்தப் பேச்ச எங் காளை காதுல விழாமப் பேசு. அது மானஸ்தன்."

மறுநாளே ஹெட்டி படச்சட்டத்தையும் வண்ணப் பெட்டியையும் கட்டிக்கொண்டு மலையேறினாள். பிரிகேடியரைத் தொழுவத்து முற்றத்தில் கொண்டுவந்து நிறுத்தினார்கள். அது நிற்கவில்லை. முதலில் அவளுடைய வைக்கோல் தொப்பியைத் தின்றது. அப்புறம் தண்ணீர்த் தொட்டியைக் கவிழ்த்தது. பண்ணையாள் இருவர் மூக்கு வளையத்தைப் பிடித்து நிறுத்தப் பார்த்தார்கள். அவர்களை இழுத்துக்கொண்டே கல்சுவர் வரைக்கும் போய்விட்டது. கடைசியில் ஆமோஸ் வந்து எதிரில் நின்று, கயிற்றைக் கையில் வாங்கிக்கொண்டு பேச ஆரம்பித்தார். உடனே கல்லில் அடித்த சிலை மாதிரி நின்றது. வாயை மூடினால் நகர்ந்துவிடும்.

ஆக, இரண்டு வாரம் தினமும் காலையில் ஆமோஸ் தன் காளையிடம் பேசிக்கொண்டே நின்றார். சபையில் யார் பிரசங்கத்தின்போது தூங்கினார்கள், எந்தப் பண்ணைக்காரன் வேலியை ராத்திரியோடு ராத்திரியாக நகர்த்தி வைத்தான், இந்த வருடம் மழை எப்போது பிடிக்கும், எல்லாம் சொன்னார். ஊர் வம்பு முழுக்க ஹெட்டிக்கும் அத்துப்படியாகிவிட்டது.

ஆமோசின் மனைவி டோர்கஸ் தேநீரும், கேக்கோடு ஒரு துண்டு பாலாடைக்கட்டியும் கொண்டுவந்து சுவர்மேல் வைப்பாள். உயரமானவள், சிரிப்பை அடக்கத் தெரியாதவள். மூன்றாம் நாளே ஹெட்டியின் காதருகே குனிந்தாள்.

"முப்பத்தோரு வருஷமா பாக்கறேன், இந்த மனுஷன் எங்கிட்ட இவ்ளோ நேரம் பேசினதில்ல."

"நீங்களும் அப்படி அசையாம நின்னு பாத்தீங்களா, மிசஸ் ஆல்டர்சன்?"

"நின்னா எங் கழுத்துலயும் கயித்தக் கட்டிருவாரு! சரி, ஒண்ணு செய்யி புள்ள. இவரையும் ஒரு படம் போட்டுரு. இப்படி ஒரே இடத்துல நிக்கறப்பவே போட்டாத்தான் உண்டு."

ஹெட்டிக்கும் கை ஊறிக்கொண்டுதான் இருந்தது. இரண்டாவது துணிச்சட்டம் ஒன்றை எடுத்து வைத்தாள். காலையில் காளை, வெளிச்சம் மாறியதும் ஆமோஸ். அவர் கழுத்தில் சுருட்டிய துணியும், தாடையில் இரண்டு நாள் நரைமயிரும், காளையிடம் பேசும்போது மட்டும் முகத்தில் வரும் ஒரு கனிவும் அவள் தூரிகைக்கு வசப்பட்டன. அந்தக் கனிவு வேறு எவரிடம் பேசும்போதும் வராது என்பதையும் அவள் கவனித்தாள்.

படங்கள் முடிந்தன. ஆமோஸ் தன் படத்தை ஒரு பார்வை பார்த்து "ம்" என்றதோடு சரி. காளைப் படத்தின் முன்னால் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நெடுநேரம் நின்றார்.

"காலு நீளம்."

"இல்லையே."

"முதுகு பள்ளமா இருக்கு. எங் காளை முதுகுல தேநீர்க் கோப்பைய வெச்சா ஒரு சொட்டு சிந்தாது."

"வெச்சுப் பாத்தீங்களா, மிஸ்டர் ஆல்டர்சன்?"

"வெச்சு வேற பாக்கணுமாக்கும்! பிம் இருந்தா ஒரு அடி அகலமாவாச்சும் போட்டிருப்பான். உனக்கு என்ன நஷ்டம்? வண்ணம் கொஞ்சம் கூடச் செலவாகும், அவ்ளோதானே?"

"இருக்கறதத்தான் நான் வரைவேன். வேணும்னா நீங்களே அளந்து பாருங்க. படம் அசல்ல நாலுல ஒரு பங்கு."

ஆமோஸ் உள்ளே போய் நாடாவை எடுத்துவந்தார். காளையின் முன்னங்காலை அளந்தார், படத்தின் முன்னங்காலை அளந்தார். விரல்விட்டுப் பெருக்கினார். முதுகை அளந்தார், கழுத்தை அளந்தார், கொம்புக்குக் கொம்பு அளந்தார். டோர்கஸ் கதவில் சாய்ந்துகொண்டு, சமையல் ஏப்ரனை வாயில் வைத்து அடைத்துக்கொண்டிருந்தாள். அரைமணி நேரம் கழித்து ஆமோஸ் நிமிர்ந்தார்.

"நாடா ஈரத்துல சுருங்கிப் போச்சு" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அடுத்த வருடம் வசந்தத்தில், லண்டனில் டென்பி தெரு ஓவியக் கழகத்தின் கண்காட்சிக்குப் படங்களை அனுப்பலாம் என்று ஹெட்டிக்குத் தோன்றியது. ஆமோஸ் யோசித்தார். "லண்டன்காரன் நல்ல மாட்டையே பாத்திருக்க மாட்டான், பாவம். பாக்கட்டும்" என்றார். தன்னுடைய படம் எதற்கு என்று அவர் கேட்டபோது டோர்கஸ்தான், "போகட்டும், நானாச்சும் ரெண்டு மாசம் நிம்மதியா இருக்கேன்" என்றாள். ரயிலடியில் நிலைய அதிகாரி எட்கர் ஹக் இரண்டு பெட்டிகளையும் தானே தூக்கி வண்டியில் வைத்து, 'இந்தப் பக்கம் மேலே' என்று நாலு பக்கமும் எழுதிவிட்டார்.

இரண்டு படங்களும் தேர்வாகிவிட்டன என்று கடிதம் வந்த அன்று ஜேபஸ் கடைக்கு வந்த அத்தனை பேருக்கும் ஒரு சாசேஜ் அதிகமாகப் போட்டுக் கொடுத்தார்.

மே மாதம் திறப்பு நாளன்று ஹெட்டி தனியாக லண்டனுக்குப் போனாள். புது ஷூ காலைக் கடித்தது. மண்டபத்தில் எள் போட்டால் எள் விழாத கூட்டம். பெரிய அறைகளில் அவள் படங்கள் இல்லை. தேடிக்கொண்டே போனவளுக்கு மாடிப்படி ஓரத்துச் சின்ன அறையிலிருந்து சிரிப்புச் சத்தம் கேட்டது. அங்கேதான் இருந்தன, இரண்டும் பக்கத்துப் பக்கத்தில். உயரத் தொப்பி போட்ட ஓர் இளைஞன் கையிலிருந்த அச்சடித்த பட்டியலை உரக்க வாசித்துக்கொண்டிருந்தான்.

"நானூத்திப் பன்னிரண்டு: பிரிகேடியர், பரிசு பெற்ற குட்டைக்கொம்புக் காளை."

அவன் விரல் ஆமோசின் முகத்தைக் காட்டியது. கூட்டம் குலுங்கியது.

"நானூத்திப் பதிமூணு: திருவாளர் ஆமோஸ் ஆல்டர்சன், யார்க்ஷயர்." விரல் காளைக்கு நகர்ந்தது. ஒரு பெண்மணி கண்ணில் தண்ணீர் வர, கணவனின் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

எண்கள் மாறிவிட்டிருந்தன. ஹெட்டிக்குக் காது மடல்கள் பற்றி எரிந்தன. ஒன்பது வருடம் அவள் காத்திருந்தது இதற்காகவா? கூட்டத்தைப் பிளந்துகொண்டு கழகச் செயலாளரின் அறைக்குப் போனாள். பிரெண்டிஸ் என்று ஒரு மெலிந்த மனிதர், மேசை நிறையக் காகிதம்.

"அம்மணி, பட்டியல் மூவாயிரம் பிரதி அச்சாயிடுச்சு. எண்ணை இனிமே மாத்த முடியாது."

"படத்தையாவது இடம் மாத்தி மாட்டலாமே?"

"மாட்டுற விஷயம் கமிட்டியைச் சேர்ந்தது. கமிட்டி அடுத்த மாசம் முதல் செவ்வாய்க்கிழமைதான் கூடும். எழுத்துல ஒரு புகார் குடுத்துட்டுப் போங்க."

"ஐயா, அதுல இருக்கறது மாடு. வந்து ஒரு தடவை பாருங்க. கொம்பு இருக்கு."

"அதையும் கமிட்டிதான் தீர்மானிக்கணும்" என்றார் பிரெண்டிஸ், பேனாவை மையில் தோய்த்துக்கொண்டே.

பத்திரிகையில் வருவதற்குள் ஆமோசிடம் தானே போய்ச் சொல்லிவிட வேண்டும் என்று ஹெட்டி அடுத்த ரயிலைப் பிடித்தாள். ஊர்ப் பக்கம் போகும் கடைசி வண்டி போய்விட்டதால் வழியில் ஒரு நாள் வீணாயிற்று. பண்ணைக்கு மலையேறும்போது என்ன சொல்லி ஆரம்பிப்பது என்று பத்து விதமாகச் சொல்லிப் பார்த்தாள். ஒன்றும் தேறவில்லை. சமையலறைக் கதவு திறந்திருந்தது. மேசைமேல் பத்திரிகை விரிந்து கிடந்தது. ஆமோஸ் அதன் இருபுறமும் முஷ்டியை ஊன்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். டோர்கஸ் அடுப்புப் பக்கம் திரும்பி நின்றாள். அவள் தோள்கள் குலுங்கின.

"மிஸ்டர் ஆல்டர்சன், நான் சொல்ல வந்தது..."

"உக்காரு." அவர் குரல் கனமாக இருந்தது. "படி. ரெண்டாவது பத்தி."

ஹெட்டி படித்தாள். 'திரு. ஆமோஸ் ஆல்டர்சன்: அகன்ற நெற்றி, ஆழ்ந்த மார்பு, எவருக்கும் வழிவிடாத பார்வை. வடநாட்டு விவசாயியின் உறுதியை இதைவிடச் சிறப்பாக எவரும் தீட்டியதில்லை.'

"என்னை மன்னிச்சிருங்க. நான் எவ்வளவோ சொல்லிப் பாத்தேன், அவங்க..."

"அதுல என்ன தப்பு? ஒழுங்காத்தானே எழுதியிருக்கான்? கீழ படி."

'பிரிகேடியர், காளை: இடுப்பு மெலிவு. பின்னங்கால்கள் வளைவு. தொங்கும் தாடை. இதற்குப் பரிசு கொடுத்த நடுவர்கள் அன்று கண்ணாடியை வீட்டில் மறந்து வந்தார்கள் போலும்.'

ஆமோஸ் மேசையை ஓங்கிக் குத்தினார். தட்டுகள் எகிறின.

"இடுப்பு மெலிவாம்! எங் காளைக்கா? எம் பேர எதுக்குக் கீழ வேணா போட்டுக்கட்டும். ஆனா பிரிகேடியர் பேர எம் மூஞ்சிக்குக் கீழ போட்டு, அதுக்கு இடுப்பு மெலிவுன்னு நாடு முழுக்கப் படிக்கறானே! நாளைக்குக் கன்னுக்குட்டி கேட்டு வர்றவன் என்ன நெனப்பான்?"

டோர்கசால் அதற்குமேல் தாங்க முடியவில்லை. நாற்காலியில் விழுந்து விழுந்து சிரித்தாள். "இடுப்பு மெலிவு மட்டும்தான் பொய்யி. காலு வளைவு, தொங்குற தாடை, ரெண்டும் நெசம்! கல்யாணத்தன்னிக்கே எங்கம்மா சொன்னா!"

"நீ சும்மா இரு. லண்டனுக்கு வண்டி எப்போ?"

"லண்டனுக்கா? போன தடவை பக்கத்து டவுனுக்குப் போனதுக்கே மூணு நாளு தலைவலின்னீரு?"

"நேர்ல போயி நிக்கறேன். நான் யாரு, காளை யாருன்னு பாத்துச் சொல்லட்டும்."

ஞாயிற்றுக்கிழமை உடுத்தும் கறுப்பு உடையும், சந்தைக்குக் கொண்டுபோகும் கழியுமாக ஆமோஸ் புறப்பட்டார். டோர்கஸ் ஒரு கூடை நிறையக் கேக்கையும் பாலாடைக்கட்டியையும் கட்டிக்கொண்டாள். லண்டனில் சாப்பாடு கிடைக்குமோ கிடைக்காதோ. இருவருக்கும் நடுவில் ஹெட்டி, தூக்குமேடைக்குப் போகிறவள் மாதிரி உட்கார்ந்திருந்தாள்.

மாடிப்படி ஓரத்து அறையில் திறப்பு நாளைவிடக் கூட்டம் கூடியிருந்தது. பத்திரிகை படித்தவர்கள் எல்லாரும் வேடிக்கை பார்க்க வந்திருந்தார்கள். ஆமோஸ் நேராகப் போய்த் தன் காளைப் படத்துக்குக் கீழே, கூட்டத்தைப் பார்த்துத் திரும்பி நின்றார். கழியைத் தரையில் ஒரு தட்டு தட்டினார்.

"வணக்கம். நான்தான் ஆமோஸ் ஆல்டர்சன். மேல இருக்கறது பிரிகேடியர். ரெண்டு பேருக்கும் வித்தியாசம் தெரியாதவங்க யாராச்சும் இருந்தா முன்னாடி வாங்க."

அறை அதிரும்படி ஒரு சிரிப்பு. ஆமோஸ் சிரிப்பு அடங்கும்வரை பொறுமையாக நின்றார், சந்தையில் ஏலக்காரன் நிற்பது போல. அப்புறம் கழியைத் தூக்கிக் காளையின் ஒவ்வோர் உறுப்பாகக் காட்ட ஆரம்பித்தார். இடுப்பு எங்கே தொடங்குகிறது, சப்பை எப்படி நிறைந்திருக்க வேண்டும், நல்ல காளைக்குக் கண் ஏன் அப்படிக் கொஞ்சம் முறைக்க வேண்டும். சிரிக்க வந்தவர்கள் கழி போன இடமெல்லாம் கண்ணை விட்டார்கள். பின்வரிசையில் நின்றவர்கள் நுனிக்காலில் எழும்பினார்கள்.

உயரத் தொப்பிக்காரன் ஒருவன் கேட்டான்: "அப்போ அடுத்த படத்துல இருக்கறது நிஜமாவே நீங்கதானா?"

"எம் பொண்டாட்டி அப்படித்தான் சொல்றா. நான் என் மூஞ்சியச் சவரம் பண்றப்ப மட்டும்தான் பாக்கறது."

"ஓவியர் உங்களை அழகாக் காட்டியிருக்கலாமே?"

ஆமோஸ் கூட்டத்தின் ஓரத்தில் நின்ற ஹெட்டியைத் தேடிப் பார்த்தார். தொண்டையைச் செருமினார்.

"கேளு தம்பி. காளை முதுகு பள்ளம்னு நான் இந்தப் பொண்ணுகிட்ட சண்டை போட்டேன். அளந்து பாருன்னா. அளந்தேன். காலு, கழுத்து, கொம்பு, ஒண்ணு விடாம. ஒரு நூல் பிசகல." மறுபடி செருமினார். "நாடா ஈரத்துல சுருங்கிருச்சுன்னு சொன்னேன். சுருங்கல. அது நல்ல நாடா."

டோர்கஸ் கூடையைக் கீழே வைத்துவிட்டாள். ஆமோஸ் தன் தப்பை ஒப்புக்கொண்டு அவள் கேட்டதே இல்லை. ஹெட்டி சட்டென்று சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அங்கே ஆமோசின் படத்தின் முன்னால் நரைத்த தலையுடன் ஓர் அம்மாள் நின்றிருந்தாள். விரல் நகங்களில் வண்ணம். மூக்கு படத்தில் இடிக்கும் அளவுக்கு அருகில் போய்ப் பார்த்துக்கொண்டிருந்தவள், திரும்பாமலே கேட்டாள்.

"நீங்களா வரைஞ்சது? இந்தக் கழுத்துக்குக் கீழ பச்சை எப்படி வந்தது? பச்சையைக் கலந்தீங்களா, அடியில போட்டீங்களா?"

"அடியில போட்டேங்க. முற்றத்துப் புல்லு வெளிச்சம் தாடையில அடிச்சுது. முதல்ல எனக்கும் தெரியல. ரெண்டாவது வாரம்தான் கண்ணுல பட்டுது."

"காயறதுக்கு எத்தனை நாள் விட்டீங்க?"

"நாலு நாள். மழை வந்ததால ஆறு."

"எனக்கு நாப்பது வருஷமா இது சரியா வந்ததில்ல" என்றாள் அந்த அம்மாள். பெயரைக் கேட்டபோதுதான் தெரிந்தது, ஆட்டிலி கிரேன். பெரிய அறையில் நல்ல வெளிச்சத்தில் தொங்கும் நாலு படங்கள் அவளுடையவை. வண்ணத்தைப் பற்றி, காய்வதைப் பற்றி, எண்ணெயைப் பற்றி ஹெட்டியிடம் ஒருவர் சக ஓவியராகக் கேட்டது அதுதான் முதல் தடவை. இருவரும் படிக்கட்டில் உட்கார்ந்து டோர்கசின் கேக்கைத் தின்றுகொண்டே ஒரு மணி நேரம் பேசினார்கள். ஆட்டிலி பாலாடைக்கட்டியையும் கேட்டு வாங்கிக்கொண்டாள்.

கூட்டம் வாசல்வரை நெருக்கவே, பிரெண்டிஸ் ஓடிவந்தார். காளையையும் ஆமோசையும் மாறி மாறிப் பார்த்தார். அந்த நிலையில் கமிட்டிக்குக் காத்திருக்க அவருக்கே தைரியம் வரவில்லை. ஏணியைக் கொண்டுவரச் சொல்லித் தானே ஏறிப் படங்களை இடம் மாற்றி மாட்டினார். ஆமோஸ் கீழே நின்று, "இடது பக்கம் தூக்கு... இன்னும்... காளை சரிஞ்சு நிக்குது பாரு" என்று வேலை வாங்கினார். படங்கள் சரியான எண்ணுக்கு வந்ததும் கூட்டம் கைதட்டியது. பிரெண்டிஸ் ஏணிமேல் இருந்தபடியே, என்ன செய்வதென்று தெரியாமல், குனிந்து வணங்கினார்.

கண்காட்சி முடிந்து படங்கள் ஊருக்கு வந்தன. பிரிகேடியர் கூடத்தில், கணப்புக்கு மேலே. ஆமோஸ் நடைவழியில், கோட்டு மாட்டும் ஆணிகளுக்குப் பக்கத்தில். அது டோர்கசின் ஏற்பாடு.

அதற்கப்புறம் ஹெட்டிக்கு ஓய்வில்லை. பிரபு வீட்டு அம்மாள் ஒருத்தி தன் நாயை அனுப்பி, கொஞ்சம் ஒல்லியாக வரையும்படி கேட்டாள். "பட்டினி போட்டு ரெண்டு மாசம் கழிச்சு அனுப்புங்க" என்று ஹெட்டி பதில் எழுதினாள். ஒரு பேராயர் வந்து தன் கன்னத்து மருவை விட்டுவிடச் சொன்னார். "அப்போ அந்தப் பக்கம் திரும்பி உக்காருங்க. அந்தக் கன்னத்த அப்படியே வரையறேன்" என்றாள். அந்தக் கன்னத்தில் மூன்று தழும்புகள் இருந்ததை அவர் மறந்துவிட்டார். ஆனாலும் படம் அவருக்குப் பிடித்துப்போய், பின்னாளில் இரண்டு நீதிபதிகளையும் ஒரு கப்பல்காரரையும் அனுப்பிவைத்தார். கடையின் பின்கட்டை இடித்து, மாடு நுழையும் அகலத்துக்குக் கதவு வைத்து ஜேபஸ் அவளுக்கு ஓவியக்கூடம் கட்டிக் கொடுத்தார். வடக்குப் பக்கம் முழுக்கக் கண்ணாடி.

யுத்தம் வந்தபோது ராணுவக் குதிரைகளைப் பழக்கும் முகாம் ஒன்றைத் தெற்கே பெண்கள் நடத்திக்கொண்டிருந்தார்கள். ஹெட்டி அங்கே போனாள். காலையில் லாயம் கழுவினாள், மத்தியானம் வரைந்தாள். முழங்கால்வரை சேற்றில் நின்று, மழையில் கண்ணை இடுக்கிக்கொண்டு, மிரண்ட குதிரைகளைப் பிடித்து அடக்கும் ஆறு பெண்களை ஒன்பதடி நீளத் துணியில் தீட்டினாள். வடக்கத்தி நகரம் ஒன்றின் அருங்காட்சியகம் அதை வாங்கிச் சுவர் முழுக்க மாட்டியது. அந்த ஆறு பேரில் ஒருத்தி தன் பேரப்பிள்ளைகளைக் கூட்டிவந்து, "அந்தச் சேறுதான் நெசம், பாரு. இன்னும் எங் காலு ஊறுது" என்று காட்டியதாக ஹெட்டிக்குக் கடிதம் வந்தது.

நாற்பத்துமூன்று வயதில் கல்யாணம். நிலைய அதிகாரி எட்கர் ஹக் பதினாறு வருடம் அவளுடைய பெட்டிகளை ஏற்றி இறக்கியவர். ஒருநாள் பெட்டியைக் கீழே வைத்துவிட்டு, முதுகைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "மிஸ் பெல்லர்பி, இதுக்கு மேல என் முதுகு தாங்காது. ஒரே வீட்டுல இருந்தோம்னா பாதி தூரம் மிச்சம்."

"நான் சமைக்க மாட்டேன், எட்கர்."

"தெரியும். உங்கப்பா கடைச் சாசேஜ முப்பது வருஷமா நானேதான் வறுத்துத் தின்னுக்கிட்டிருக்கேன்."

டென்பி தெருக் கழகம் பெண்களை உறுப்பினராகச் சேர்த்ததில்லை. ஆனால் கண்காட்சியில் படம் வைப்பவர் யாரும் ஒரு பெயரை முன்மொழியலாம். ஆட்டிலி கிரேன் வருடா வருடம் ஹெட்டியின் பெயரை முன்மொழிந்துகொண்டே இருந்தாள், ஹெட்டி ஆட்டிலியின் பெயரை. பதினெட்டாம் வருடம் இருவரையும் ஒரே நாளில் சேர்த்துக்கொண்டார்கள். கமிட்டியில் அதற்கு வழி செய்தவர் வேறு யாருமில்லை, தலை முழுக்க நரைத்த பிரெண்டிஸ்தான்.

ஹெட்டிக்கு ஐம்பத்தோரு வயதில் ஸ்கெல்பெக் ஊரார் தானியச் சந்தைக் கட்டிடத்தில் அவள் படங்களை எல்லாம் சேர்த்துக் கண்காட்சி வைத்தார்கள். வீடு வீடாகப் போய் இரவல் வாங்கிவந்து மாட்டினார்கள். நாலு பள்ளத்தாக்கு மக்களும் வண்டி கட்டிக்கொண்டு வந்தார்கள். யாரும் ஓவியத்தைப் பற்றிப் பேசவில்லை. சந்தைக்கு வந்தது போலவே நடந்துகொண்டார்கள். இந்தப் பசுவின் மடி சரியில்லை, அந்தக் குதிரை யாரிடமிருந்து வந்தது என்றே பேச்சு. ஹெட்டி தொப்பியை இழுத்துவிட்டுக்கொண்டு கூட்டத்தோடு கூட்டமாக நடந்தாள். அவளை யாரும் கவனிக்கவில்லை. அதைவிட மகிழ்ச்சி அவளுக்கு வேறில்லை.

பரிசு வாங்கிய பெட்டையாடு ஒன்றின் படத்தின் முன்னால் இரண்டு கிழவர்கள் நின்றிருந்தார்கள். ஒருவர் குனிந்து பார்த்தார்.

"இந்த ஆட்டுக்குப் பின்னங்காலு நொண்டி."

மற்றவர் முகம் சிவந்தது. ஆடு அவருடையது. "நொண்டியா? முதப் பரிசுய்யா!"

"வலது குளம்ப ஊனாம நிக்குது பாரு. தொள்ளாயிரத்துப் பதினொண்ணுல நீ என்னைத் தோக்கடிச்ச ஆடுதானே இது?"

ஹெட்டி கழுத்தை நீட்டிப் பார்த்தாள். அவளுக்கே அது தெரியாது. அந்த ஆட்டை வரைந்த நாளில் கால் அப்படித்தான் நின்றது; நின்றபடி வரைந்தாள், அவ்வளவுதான். ஆட்டுக்காரர் இரண்டு பக்கமும் பார்த்தார். படத்தைப் பார்த்தார். குரலைத் தாழ்த்தினார்.

"போட்டிக்கு முதநாளு கல்லு குத்திருச்சு. வைக்கோல உசத்திப் போட்டு நிறுத்தினேன். நடுவரு பாக்கல."

"இருவது வருஷம்! இருவது வருஷமா எம் பொண்டாட்டி என்னை இடிச்சிக்கிட்டிருக்கா!"

சுற்றி நின்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள். பரிசைத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்றார் ஒருவர், ஆடே செத்துப் பத்து வருடமாகிறது என்றார் இன்னொருவர். சத்தம் கூரையை முட்டியது. சிரிப்புக்கு நடுவில் எட்கர் வந்து, தேநீர் ஆறுகிறது என்று ஹெட்டியின் முழங்கையைத் தொட்டார்.

"கொஞ்சம் இருங்க" என்றாள் அவள். "யாரு ஜெயிக்கிறாங்கன்னு பாத்துட்டு வரேன்."